சைன் முப்பது

என்னுடைய கால்குலேட்டருக்கு ஞாபகமே கிடையாது. அல்தியாவுடையதற்கு உண்டு. கதை அவ்வளவுதான். ஆனால் அதை முழுசாகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், அதனால் மெதுவாக வருகிறேன்.

இரண்டையும் ஒரே நாளில், பக்கத்துத் தீவு ஊரான க்ளிஃப்டனில் ஒரே கடையில் வாங்கினோம். ஒரே கறுப்பு, ஒரே பட்டன்கள், நெற்றியில் ஒரே மாதிரி சின்ன சூரியப் பட்டை. உள்ளே ஒரு பாட்டரியும் உண்டு. என் பாட்டரி நாலாம் பாரம் படிக்கும்போதே செத்துப்போனது. அந்த அளவு பாட்டரி க்ளிஃப்டனில் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து என்னுடையது வெளிச்சத்தை மட்டும் குடித்து உயிர் வாழ்ந்தது. பட்டையை விரலால் மூடினால் எண்கள் வெளிறி, கரைந்து, காணாமல் போகும். விரலை எடுத்தால் மறுபடி முழிக்கும், வெறும் பூஜ்யத்தோடு. முந்தின நிமிடம் என்ன கணக்குப் போட்டோம், யாரைத் திட்டிக்கொண்டு போட்டோம், ஒன்றும் அதற்குத் தெரியாது. அல்தியாவுடையது அப்படியில்லை. நேற்று அதற்கு என்ன சொல்லி வைத்தோமோ, இன்றைக்கும் அப்படியே நடக்கும்.

கரீபியக் கடலில் இருக்கிற எங்கள் மேரோ தீவில் அப்போது மொத்தமே முந்நூறு பேர். சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, பெரிய பிள்ளைகளுக்கு யூனியன் தீவுக்குப் படகில் போகவேண்டும். கோஸ்மோ மாமாவின் படகு காலை ஆறே முக்காலுக்கு சலைன் பே துறையை விட்டுக் கிளம்பும். கடல் அந்த நேரத்தில் தூங்கி எழாத முகத்தோடு இருக்கும். நானும் அல்தியாவும் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பின்பக்கம் உட்கார்வோம். பாகைமானியில் நூல் கட்டி, நூலில் ஒரு கல்லைக் கட்டி, யூனியன் தீவின் மலையுச்சியைக் குறி பார்ப்போம். படகு போகப்போக மலை வளரும். நாலு டிகிரி, ஆறு டிகிரி, பதினொன்று. ஒவ்வொரு கோணத்துக்கும் டேன் அமுக்கி, மலைக்கு எவ்வளவு தூரம் இருக்கிறோம் என்று கணக்குப் போடுவோம்.

"தொள்ளாயிரம் மீட்டர்," என்பாள் அல்தியா.

"எனக்கு ஆயிரத்து நூறு."

"அப்ப நீ இன்னும் வந்து சேரலடி, நான் போய்ச் சேர்ந்துட்டேன்," என்று சிரிப்பாள்.

கோஸ்மோ மாமா சுக்கானைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "முப்பது வருஷமா இந்த வழியில போறேன், ஒரு நாளும் மலைகிட்ட எவ்வளவு தூரம்னு கேட்டதில்ல. அது அங்கேயேதான் நிக்குது புள்ளைங்களா!"

அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. படகு ஆடும். பாயின் நிழல் வந்து என் மடியில் விழும்போதெல்லாம் என் எண்கள் மறையும், நிழல் நகர்ந்ததும் பூஜ்யம் வரும், நான் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். எத்தனை தடவை ஆரம்பித்தேன் என்று எண்ணியதில்லை. எரிச்சலாக வரும். ஆனால் அந்த எரிச்சலிலும் ஒரு சுகம் இருந்தது.

கணக்கு டீச்சர் மிஸ் கம்ப்ஸ். அவருக்கு ஒரு பழக்கம். வகுப்பு ஆரம்பிக்கும் முன், ஜெபம் முடிந்த கையோடு, "சைன் முப்பது?" என்று கேட்பார். இருபத்தாறு பேரும் கால்குலேட்டரில் அமுக்கிப் பார்த்து, "அரை!" என்று கத்தவேண்டும். 0.5 வந்தால் கால்குலேட்டர் ஒழுங்காக டிகிரியில் இருக்கிறது. வேறு ஏதாவது வந்தால் யாரோ தெரியாமல் வேறு முறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். எந்த முறையில் இருக்கிறது என்பதைத் திரையின் உச்சியில் எறும்பு அளவில் ஒரு எழுத்து காட்டும். D இருந்தால் டிகிரி. G என்று ஒன்று உண்டு. வட்டத்தை முந்நூற்றறுபதாக வெட்டாமல் நானூறாக வெட்டுகிற ஒரு முறை. யாருக்கு எதற்கு அது தேவையோ, கடவுளுக்கே வெளிச்சம். அதில் மாட்டிக்கொண்டால் சைன், காஸ், டேன் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தப்பாக வரும். பெரிய தப்பாக வந்தாலாவது கண்டுபிடிக்கலாம். இது நம்பும்படியான தப்பு, அதுதான் ஆபத்து.

"பரீட்சை ஹால்ல நான் வரமாட்டேன். சைன் முப்பதுதான் வரும்," என்பார் மிஸ் கம்ப்ஸ்.

ஐந்தாம் பாரத்தில் மேரோவிலிருந்து பரீட்சை எழுதினது நாங்கள் இரண்டு பேர்தான். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் தீவுக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கணக்கில் மேலே வருகிற மேரோப் பிள்ளை ஒருத்தருக்கு, தலைநகர் கிங்ஸ்டவுனில் தங்கி மேலே படிக்க இடம் கொடுப்பார்கள். ஒருத்தருக்குத்தான். மற்ற வருஷங்களில் அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும். எங்கள் வருஷம் இரண்டு பேர் நின்றோம், வாசலோ ஒன்று.

எங்கள் அம்மா கடற்கரை ஹோட்டலில் எனக்காக ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். படுக்கை விரிக்கிற வேலை. "கிடைச்சா படி, கிடைக்கலன்னா வேலைக்குப் போ, வெர்னெல். நான் ஒண்ணும் கெடுதல் சொல்லல," என்றார். கெடுதல் இல்லைதான். ஆனால் எனக்குக் கிங்ஸ்டவுன்தான் வேண்டியிருந்தது. அல்தியா என்னை விட எப்போதும் இரண்டு மார்க், மூன்று மார்க் அதிகம். மலையிடம் அவள்தான் எப்போதும் முதலில் போய்ச் சேருவாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம். குன்றின் மேலே எங்கள் கல் தேவாலயம், அதன் பின்னால் ஒரு குட்டைச் சுவர். அங்கேதான் நாங்கள் எப்போதும் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்போம். கீழே கேஸ் என்கிற குட்டித் தீவுகள், பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், அதில் நிறுத்திவைத்த வெள்ளைப் பாய்க்கப்பல்கள். வெளிச்சம் தேனாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கணக்கு: கப்பல் ஒன்று துறையை விட்டு அறுபது டிகிரித் திசையில் எட்டு கிலோமீட்டர் போகிறது, பிறகு திரும்பிப் போகிறது, துறையிலிருந்து இப்போது எவ்வளவு தூரம். அல்தியா எனக்கு முன்னால் முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கவலப்படாதடி," என்றாள். "கிங்ஸ்டவுன்ல நான் எழுதுற நோட்டையெல்லாம் உனக்கு அனுப்பி வைக்கிறேன். நீ ஹோட்டல்ல இருந்துக்கிட்டே படிக்கலாம்."

பாவி, அன்பாகத்தான் சொன்னாள்! அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முடிவே ஆகிவிட்டது போல, நான் விரிக்கப்போகிற படுக்கையை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டது போலச் சொன்னாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கீழேயிருந்து அவள் அம்மா கத்தினார். அல்தியா எழுந்து ஓடினாள். கால்குலேட்டர் சுவர் மேல் கிடந்தது.

மூன்று பட்டன். அவ்வளவுதான் தேவைப்பட்டது. உச்சியில் D போய் G வந்தது. சைன் முப்பது அமுக்கிப் பார்த்தேன். 0.4539904. அந்த எண்ணை நான் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். அணைத்து, இருந்த இடத்தில் அப்படியே வைத்தேன்.

ஆட்டை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள். "சனியன், தக்காளிச் செடியைத் தின்னுடுச்சு. வா, இருட்டுது." கால்குலேட்டரை எடுத்து மூடிக்குள் தள்ளிப் பையில் போட்டாள். நான் அவள் பின்னாலேயே இறங்கினேன்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் படகில் மாற்றி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சத்தியமாக அப்படித்தான் முடிவு செய்தேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

காலையில் வானம் கறுத்துக் கிடந்தது. கடல் புரண்டது. கோஸ்மோ மாமா நேரங்கழித்துக் கிளம்பி, படகை மெதுவாகத்தான் விட்டார். நான் பின்பக்கம் உட்கார்ந்தேன், எஞ்சின் சத்தம் என்னைத் தாலாட்ட ஆரம்பித்தது, கண் சொருகிவிட்டது. கனவில் கடலை யாரோ கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள், கேக் வெட்டுவது போல. முந்நூற்றறுபது துண்டு வரவேண்டும். எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், நானூறு வருகிறது. அந்த அதிகப்படி நாற்பது துண்டுகளும் என் மடியில் வந்து விழுகின்றன. தூக்கிப் போட இடம் இல்லை, எல்லாப் பக்கமும் கடல்.

"ஏய், எழுந்திரு! வந்தாச்சு!"

அல்தியா என் தோளை உலுக்கினாள். படகு துறையில் இருந்தது. பரீட்சை ஹாலுக்குள் கால்குலேட்டரின் மூடி வரக்கூடாது. மூடியில் எதையாவது எழுதி வந்துவிடுவோமாம். அதனால் அவள் இரண்டு பேருடைய மூடிகளையும் கழற்றி, பெயர் எழுதின அந்த மூடிகளைப் பைக்குள் போட்டு, எனக்கு என் பேனா, ரூலர், கால்குலேட்டர் எல்லாவற்றையும் ஒரு கண்ணாடித் தாள் பையில் கட்டி வைத்திருந்தாள். மணி எட்டே முக்கால். பரீட்சை ஒன்பதுக்கு. மிஸ் கம்ப்ஸ் தூரத்தில் கேட் அருகே நின்று கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். ஓடினோம்.

"அல்தியா, உன் கால்குலேட்டரைக் கொஞ்சம் குடு," என்றேன் ஓடிக்கொண்டே.

"எதுக்குடி இப்ப? வா வா, கதவைச் சாத்திடுவாங்க!"

நான் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் யாரும் "சைன் முப்பது?" என்று கேட்க நேரமில்லை.

பரீட்சை எண் வரிசையில் உட்கார்த்தினார்கள். எனக்கு ஜன்னல் ஓரம். அல்தியாவுக்கு உள்பக்கச் சுவர் ஓரம், இரண்டு வரிசை முன்னால். மேற்பார்வைக்கு வந்தவர் வேறு தீவுக்கார அம்மா, நெற்றியைச் சுருக்கினபடியே பிறந்தவர் போல இருந்தார். தாள் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. இடி ஒன்று இடித்தது, மின்விசிறி நின்றது, விளக்கு போனது. ஹாலுக்குள் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு பச்சை இருட்டு.

நான் வினாத்தாளில் அந்தப் பக்கத்துக்கு வந்தேன். கப்பல், துறை, திசை. கை தானாகப் போய் முதலில் சைன் முப்பது அமுக்கியது.

0.4539904.

எனக்குப் புரியவே இல்லை. இது நான் அவளுக்கு வைத்த எண் அல்லவா! உச்சியில் பார்த்தேன், G. ஏழாம் எண் பட்டனைப் பார்த்தேன். என்னுடையதில் ஏழு தேய்ந்து பாதிதான் தெரியும். இதில் ஏழு பளிச்சென்று இருந்தது. இருட்டில் நான் பட்டையைக் கையால் மூடிப் பார்த்தேன். எண்கள் அசையவில்லை. பாட்டரி உள்ள கால்குலேட்டர்.

அப்புறம்தான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன். அல்தியா என் கால்குலேட்டரைக் கையில் உயர்த்தி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, இல்லாத வெளிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் வைத்தாள், குனிந்து பார்த்தாள், மறுபடி தூக்கினாள். பிறகு தாளில் கையால் வகுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். சைனையும் காஸையும் கையால் எங்கே வகுப்பது?

கறுத்த வானத்தைப் பார்த்து, என்னுடையது இருட்டில் சாகும் என்று தெரிந்து, நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும்போது அவள் மாற்றி வைத்திருக்கிறாள். நல்லதை எனக்குக் கொடுத்துவிட்டு, கெட்டதை அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. மூன்று பட்டனை அமுக்கி D-க்கு மாற்றினேன். எவ்வளவு சுலபம்! இனி நான் எழுதலாம். இருட்டிலும் எழுதலாம். அவளால் முடியாது. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

கையைத் தூக்கினேன். அந்த அம்மா வந்தார்.

"மிஸ், என் கால்குலேட்டரை அந்தப் பொண்ணுக்குக் குடுக்கலாமா?"

"ஆரம்பிச்ச பிறகு கொடுக்கல் வாங்கல் கிடையாது. எழுது."

"அப்ப இடத்தை மாத்துங்க மிஸ். அவளோடது வெளிச்சத்துல மட்டும்தான் ஓடும். என்னோடது இருட்டுலயும் ஓடும். எனக்கு ஜன்னல் வேண்டாம்."

"பரீட்சை எண் வரிசையை உன் இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"எண்ணை மாத்த வேண்டாம் மிஸ், மேஜையை மாத்துங்க! எண் மேஜை மேலதானே ஒட்டியிருக்கு?" என் குரல் உயர்ந்துவிட்டது. ஹாலே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "நேரம் போகுது மிஸ். அவ எழுதாம உக்காந்திருக்கா, பாருங்க."

அந்த அம்மா பார்த்தார். நெற்றிச் சுருக்கத்தோடு வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் எழுந்திருங்க. வாய் திறக்கக் கூடாது. மேஜையைத் தூக்குங்க."

நாங்கள் மேஜையைத் தூக்கிக்கொண்டு ஹாலின் நடுவில் ஒருவரை ஒருவர் கடந்தோம். அல்தியா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்ததும், மழை வெளிச்சம் கொஞ்சமே கொஞ்சம் அவள் கை மேல் விழுந்தது. அது போதுமாக இருந்தது. குனிந்து எழுத ஆரம்பித்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்து, சாகாத அந்த எண்களை வைத்துக்கொண்டு, பாதி நேரம் எழுதினேன், பாதி நேரம் அவள் முதுகைப் பார்த்தேன்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. கடல் கழுவித் துடைத்த தட்டாகக் கிடந்தது. அல்தியாவுக்கு வாய் மூடவில்லை.

"எப்படி மாத்தினேன் பாத்தியா? நீ குறட்டை விட்டுத் தூங்குற, வானம் கறுக்குது. இருட்டுல உன்னோடது படுத்துக்கும், நீ அங்கேயே ஒப்பாரி வெப்பே. நான்னா எப்படியாவது சமாளிச்சுக்குவேன்னு நெனச்சேன். எங்க சமாளிச்சேன்! நீ மட்டும் கத்தலன்னா நான் காலி."

"அல்தியா, உன் கால்குலேட்டர்ல சைன் முப்பது என்ன வந்துச்சு தெரியுமா?"

"அரை. வேற என்ன வரும்?"

"புள்ளி நாலு அஞ்சு."

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக வடிந்தது.

"எப்போ?" என்றாள்.

"நேத்து. நீ ஆட்டைப் பிடிக்கப் போனப்போ."

"எத்தனை பட்டன்?"

"மூணு."

"மூணு பட்டன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையை நீட்டினாள். அவளுடையதைக் கொடுத்தேன். என்னுடையதை என் பக்கத்தில் பலகை மேல் வைத்துவிட்டு, எழுந்து போய்ப் படகின் முன்பக்கம், தண்ணீர் தெறிக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவள் மன்னித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கோஸ்மோ மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சுக்கானைத் திருப்பினார். பலகை மேல் என் கால்குலேட்டர் வெயிலைப் பார்த்து முழித்தது. பூஜ்யம். அதற்கு என்ன, கொடுத்து வைத்தது.

அந்த இடம் கடைசியில் அவளுக்குத்தான் போனது. எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அது ஆகஸ்டில். நான் சொல்ல வந்தது இரண்டு நாள் கழித்து நடந்த பிஸிக்ஸ் பரீட்சை.

அந்த இரண்டு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. படகில் முன்பக்கமே உட்கார்ந்தாள். பிஸிக்ஸ் அன்றைக்கு வானம் பளிச்சென்று இருந்தது, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஹால் வாசலில் மிஸ் கம்ப்ஸ் நின்றுகொண்டிருந்தார். கணக்கு டீச்சருக்கு பிஸிக்ஸ் பரீட்சையில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

"சைன் முப்பது?" என்றார்.

எல்லோரும் அமுக்க ஆரம்பித்தார்கள். அல்தியா அமுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள். அவளுடைய கால்குலேட்டரை என் பக்கம் நீட்டினாள்.

"நீயே பார்த்துக் குடு," என்றாள்.

முப்பதை முதல் தடவை தப்பாக அமுக்கி, அழித்து, மறுபடி அமுக்கினேன். 0.5. உச்சியில் D. அவள் பார்க்கட்டும் என்று திரையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"அரை!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

அல்தியா திரையைப் பார்க்கவே இல்லை. வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.